அக்கா எடுத்த சுருதி

அந்த ஊரில் பல் தேய்க்கிறவர்கள், டயர் மாற்றுகிறவர்கள், இருமல் மருந்து குடிக்கிறவர்கள் எல்லோருமே அவனுடைய பாட்டைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் தெருவில் அவனை ஒருத்தருக்கும் அடையாளம் தெரியாது. விளம்பரங்களுக்குப் பாட்டுப் போடுவது அவன் வேலை. ஸ்டூடியோவில் எல்லோரும் அவனை ஜிங்கிள் என்றே கூப்பிட்டார்கள். அரை நிமிஷத்துக்குமேல் அவனுக்குப் பாட்டு வராது. அரை நிமிஷம் ஆனதும் கீபோர்டில் கை தானாக நின்றுவிடும். கேட்டவர்கள் எழுந்துபோய் எதையாவது வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

அவன் போட்டதிலேயே ஊரைப் பிடித்து ஆட்டியது ஒரு துணி சோப்புப் பாட்டு. மொத்தம் நாலு அடி, முதல் இரண்டு இப்படி:

"தேய்ச்சாப் போதும், தேய்ச்சாப் போதும்,
தேடிப் பாரு, கறையைக் காணோம்!"

கல்யாண வீட்டில் கை கழுவுகிற இடத்தில்கூட யாராவது அதைப் பாடுவார்கள். அவனுடைய அக்கா மட்டும்தான் அதை மதிக்கவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். லேப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்கி அடக்கி வந்த குரல். "உன் பாட்டைக் கேட்டா துணியை ஊறப் போடணும்னு தோணுதுடா, வேற ஒண்ணும் தோணலை" என்பாள். அவனும் சிரித்துவைப்பான். உள்ளுக்குள் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும்.

அப்போது கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு போர் நடந்துகொண்டிருந்தது. அதற்கான குண்டுகள் இந்த ஊர்த் துறைமுகத்தில்தான் கப்பலேறின. விஷயம் வெளியே வந்ததும் கொஞ்சப் பேர் துறைமுக கேட்டுக்குக் குறுக்கே பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கே போய்விடுவாள். விடைத்தாள்களை அங்கேயே உட்கார்ந்து திருத்துவாள். குண்டுப் பெட்டியைத் தூக்க மாட்டேன் என்று கிரேனைவிட்டு இறங்கி வந்த ஆபரேட்டர் ஒருத்தர் அங்கே இருந்தார். யாருக்காவது மயக்கம் வந்தால் பார்த்துக்கொள்ள வந்து, அப்படியே தங்கிவிட்ட நர்ஸிங் படிக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். இவர்களுடைய வீட்டு ஆட்களும் வேலை முடிந்ததும் வந்து கூட உட்காருவார்கள். ஒருநாள் மத்தியானம் கேட் திறந்தது, லாரிகள் வந்தன, கலையச் சொன்னார்கள், யாரும் எழுந்திருக்கவில்லை. சுட்டார்கள். விழுந்தது அந்த மூன்று பேரும்தான்.

ஜிங்கிள் அன்றைக்கு வேறு ஊரில் ஒரு டயர் விளம்பரத்துக்கு ரெக்கார்டிங்கில் இருந்தான். செய்தி வந்தபோது ஹெட்போனைக் கழற்றத் தோன்றாமல் அதை மாட்டிக்கொண்டே வாசல்வரை நடந்தான். வயர் இழுத்து நிறுத்திய பிறகுதான் நின்றான்.

வருஷம் திரும்பப் போகிற நேரத்தில் அவனுக்கு ஒரு போன் வந்தது.

"தம்பி, நான் கிரேன் ஆபரேட்டர் வீட்டுல பேசறேன். செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. பார்லருக்கு வந்துட்டுப் போங்க. உங்க அத்தானும் வர்றாரு."

கிரேன் ஆபரேட்டரின் மனைவி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பெண்களுக்கான பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். ஊரில் எல்லோருக்கும் அவள் பார்லரம்மா. கதவில் 'விடுமுறை' என்று அட்டை தொங்க, உள்ளே ஷாம்பு வாசனை. உட்கார இருந்தது முடி வெட்டுகிற சுழல் நாற்காலிகள்தான். எல்லாம் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தன. அதனால் வந்தவர்கள் ஒருவரையொருவர் நேரே பார்க்காமல் கண்ணாடி வழியாகவே பேசிக்கொண்டார்கள். அந்த ஏற்பாடு எல்லோருக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது.

ஒரு நாற்காலியில் அக்காவின் கணவர். பல் டாக்டர். பல்லில் மெஷினை வைக்கும்போதெல்லாம் எதையாவது முனகிக்கொண்டே வேலை செய்வார். ஒரு வருஷமாக முனகல் இல்லை. மெஷின் சத்தத்தை மட்டும் கேட்க பயமாக இருக்கிறது என்று பேஷண்டுகளே சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். இன்னொரு நாற்காலியில் நர்ஸிங் பெண்ணின் அப்பா. லிஃப்ட் மெக்கானிக். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி அவ்வளவு கனமான குரல். அதனாலோ என்னவோ, அதிகம் பேச மாட்டார்.

"வருஷ நினைவுக்கு கேட்டுல ஒரு கூட்டம் போடலாம்னு கேட்டோம்" என்றாள் பார்லரம்மா, கண்ணாடியில் ஜிங்கிளைப் பார்த்து. "கூட்டம் கூடாதாம். பேச்சு கூடாதாம். கோஷம் கூடாது, பேனர் கூடாது, போட்டோகூடக் கூடாதுன்னுட்டாங்க. பாடக் கூடாதுன்னு மட்டும் சொல்லலை. மறந்துட்டாங்க போல."

"அவங்க ஞாபகப்படுத்திக்கறதுக்குள்ள பாடிடணும்" என்றார் லிஃப்ட்காரர்.

"நீ ஒரு பாட்டுப் போடணும்டா" என்றார் அத்தான்.

 ஒரு வருஷமாக ஜிங்கிள் அதைத்தான் செய்து பார்த்துக்கொண்டிருந்தான். யாருக்கும் சொல்லவில்லை. கீபோர்டில் உட்காருவான், அக்காவை நினைத்துக்கொள்வான், நாலு சுரம் வரும். ஐந்தாவது சுரத்தில் அதற்குள் ஒரு பிஸ்கட் பாக்கெட் வந்து நிற்கும். ஆனாலும் இந்த மூன்று பேரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

அடுத்த செவ்வாய்க்குள் ஒன்றைப் போட்டேவிட்டான். மெதுவான தாளம், நீளமான வயலின், நடுவில் புல்லாங்குழல். சவுண்ட் இன்ஜினியரிடம் போட்டுக் காட்டினான். அவர் கண்ணை மூடி முழுக்கக் கேட்டார்.

"பிரமாதம். எந்த இன்சூரன்ஸ் கம்பெனி?"

ஜிங்கிள் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

இருந்தாலும் பார்லரில் அதையே போட்டான், வேறு வழியில்லாமல். பாட்டு முடிந்தது. பார்லரம்மா ஒரு டவலை எடுத்து மடித்தாள், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் லிஃப்ட்காரர். "ஆனா என் பொண்ணு இதைக் கேட்டா தூங்கிடுவா தம்பி."

"என் வீட்டுக்காரர் எழுந்து வெளிய போயிடுவாரு" என்றாள் பார்லரம்மா. "தப்பா எடுத்துக்காதீங்க. அவருக்கு மெதுவா இருக்கிற எதுவுமே ஆகாது. கிரேனை மட்டும்தான் மெதுவா ஓட்டுவாரு."

ஜிங்கிளுக்கு மூஞ்சி தொங்கிப்போனது. "அப்போ என்னதான் வேணும்? அவங்க அங்க என்ன பாட்டுத்தான் பாடிட்டிருந்தாங்க? அதையாவது சொல்லுங்க, அதை மாதிரி போடறேன்."

கண்ணாடியில் மூன்று பேரின் கண்களும் ஒன்றையொன்று தேடிக்கொண்டன. அத்தான் தொண்டையைச் செருமினார். லிஃப்ட்காரர் தன் செருப்பைப் பார்த்தார்.

"சொல்லிடுங்க டாக்டர்" என்றாள் பார்லரம்மா. "எத்தனை நாளைக்கு மறைக்கறது?"

"உங்கக்கா சொல்ல வேண்டாம்னா" என்றார் அத்தான். "தம்பிக்குத் தெரிஞ்சா கோவிச்சுப்பான், அவன் பொழப்பு அதுலதான் ஓடுதுன்னா. உன்னோட சோப்புப் பாட்டுத்தான்டா. வார்த்தையை மட்டும் மாத்திட்டா."

"என்னோடதா?"

"பாத்ரூம்ல தண்ணியைத் திறந்துவிட்டுட்டு எழுதினா. எனக்குக் கேக்கக் கூடாதாம். அவ குரல் கேக்காம இருக்குமா?"

பார்லரம்மா நாற்காலியைத் திருப்பினாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நேரே அவனைப் பார்த்தாள். தொடையில் தாளம் போட்டுக்கொண்டு பாடினாள்.

"தேய்ச்சுப் பாரு, தேய்ச்சுப் பாரு,
கையைப் பாரு, கறை போகலையே!
ஏத்தாதே, குண்டை ஏத்தாதே,
எந்தச் சோப்புக்கும் இது போகாதே!"

ஜிங்கிள் தன் நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அவ என் பாட்டை மதிச்சதே இல்லையே."

"நானும் அதைத்தான் கேட்டேன்" என்றார் அத்தான். "வேற பாட்டே கிடைக்கலையான்னு. அதுக்கு அவ சொன்னா, ஒரு தடவை கேட்டாலே ஒட்டிக்கணும், லாரி டிரைவர் கேட்டுக்குள்ள போனப்புறமும் வாய்ல வந்துட்டே இருக்கணும், தூங்கப் போனாலும் விடக் கூடாது, அப்படிப் போட இந்த ஊர்லயே ஒருத்தன்தான் இருக்கான், அவன் எனக்குத் தம்பியாப் பொறந்திருக்கான், இதுக்குப் போய் வேற எங்க தேடணும்னு கேட்டா."

ஜிங்கிள் எழுந்தான். எங்கே போவதென்று தெரியவில்லை. பார்லரில் பின்கதவு கிடையாது. மூலையில் முடி காயவைக்கிற ஹூட் டிரையர் நின்றுகொண்டிருந்தது. அதன் அடியில் போய் உட்கார்ந்து, ஹூட்டைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, சுவிட்சைப் போட்டான். அது லாரி மாதிரி இரைந்தது. அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்து அவன் என்ன செய்தான் என்பது மூன்று பேருக்கும் தெரியும். யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. லிஃப்ட்காரர் டீ வாங்கிவரப் போனார்.

ரொம்ப நேரம் கழித்து டிரையர் நின்றது.

"முடி காஞ்சுதா தம்பி?" என்றாள் பார்லரம்மா.

"காஞ்சுது."

"டீ ஆறிடப் போகுது, குடிங்க."

அன்றைக்கே ஒத்திகை ஆரம்பித்துவிட்டது. கேட்டில் உட்கார்ந்திருந்த மற்றவர்களில் சிலரும் அடுத்தடுத்த வாரங்களில் வந்து சேர்ந்தார்கள். சுழல் நாற்காலி பற்றாமல் போய், தலை அலசுகிற தொட்டியின் விளிம்பிலெல்லாம் உட்கார்ந்தார்கள். ஒருத்தருக்கும் பாட வராது. ஜிங்கிள் அதுவரை பாட வருகிறவர்களை மட்டுமே வைத்து வேலை பார்த்தவன். அவனுக்கு அது புது அனுபவம்.

அவனுக்கு முதலில் உறுத்தியது மூன்றாவது அடி. 'ஏத்தாதே' என்று ஆரம்பிக்கும் முன் ஒரு தட்டு சும்மா விட வேண்டும். எல்லோரும் அந்தத் தட்டுக்கு முன்னாலேயே பாய்ந்தார்கள்.

"முந்தாதீங்க. ஒரு தட்டு பொறுங்க. இன்னொரு தடவை."

மறுபடியும் முந்தினார்கள். ஒருத்தர் இரண்டு பேரில்லை, அத்தனை பேரும் ஒரே இடத்தில் சொல்லிவைத்த மாதிரி.

"எண்ணிக்கிட்டே பாடுங்க. ஏன் எல்லாரும் அந்த இடத்துல அவசரப்படறீங்க?"

"நாங்க அவசரப்படலை தம்பி" என்றாள் பார்லரம்மா. "அவரு அந்த இடத்துல முந்திடுவாரு. தினமும். டீச்சர் எவ்வளவு சொல்லிப் பார்த்தாங்க, கேக்கவே மாட்டாரு. கடைசில நாங்க எல்லாரும் அவரோட சேர்ந்துக்கிட்டோம்."

ஜிங்கிள் கீபோர்டில் வைத்த கையை எடுத்தான். "சரி. முந்துங்க" என்றான்.

"அப்புறம் அங்கயே கொஞ்சம் நிறுத்தணும்" என்றார் லிஃப்ட்காரர்.

"அங்க எதுக்கு நிறுத்தணும்?"

"அவரு முந்தினதும் என் பொண்ணு சிரிச்சிடுவா. அவ சிரிச்சு முடிக்கணும் இல்ல? அதுக்கப்புறம்தான் டீச்சர் நாலாவது அடியை எடுப்பாங்க." அவர் வாழ்க்கையிலேயே ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

அதையும் சேர்த்துக்கொண்டார்கள். மூன்றாவது அடியில் முந்துவது, அப்புறம் ஒரு சிரிப்புக்கு இடம் விட்டு நிற்பது, அப்புறம் நாலாவது அடி. யாரும் அந்த இடத்தில் சிரிக்கவில்லை. சிரிக்க வரவும் இல்லை. சும்மா நின்றார்கள். தொட்டியில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்கும். அப்புறம் லிஃப்ட்காரர் தலையை ஆட்டுவார், நாலாவது அடி கிளம்பும்.

அக்காவின் பங்கு சுருதி. அவள் எப்போதும் எட்டாத உயரத்தில் ஆரம்பிப்பாளாம். லேப்பில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்க வேண்டும் என்று பழகின குரல். நாலாவது அடியில் எல்லோருக்கும் தொண்டை கிழியும், அவளுக்கும் கிழியும், ஆனாலும் மறுபடி அங்கேயேதான் ஆரம்பிப்பாள். இந்த ஒன்றில் மட்டும் ஜிங்கிள் அசையவில்லை. "கேட்டுல போய் எல்லாரும் கீச்சுக் கீச்சுனு நிக்கவா? சுருதியை இறக்கித்தான் ஆகணும்" என்றான். இறக்கினான். பாட்டு சுலபமானது, குரல்கள் ஒன்றுசேர்ந்தன. கேட்கவே நன்றாகத்தான் இருந்தது. அத்தான்கூட ஒருநாள் கிளினிக்கில் யாருடைய கடைவாயிலோ மெஷினை வைத்துக்கொண்டு அதை முனகினாராம். பேஷண்ட் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே அழுதுவிட்டாராம். அந்த அம்மா பேஷண்டாக வருவதற்கு முன்னால் அக்காவிடம் படித்தவர்.

அதற்குள் அவர்களுக்கு ஞாபகம் வந்துவிட்டது, பாடவும் அனுமதி வேண்டுமாம். பார்லரம்மாவும் ஜிங்கிளும் அதை வாங்கப் போனார்கள். அதிகாரி நல்ல மாதிரியான ஆள். மேஜைமேல் சின்ன மின்விசிறி வைத்து, பேப்பர் பறக்காமல் இருக்க முழங்கையை ஊன்றிக்கொண்டே பேசினார்.

"பாட்டுன்னா என்ன பாட்டு? அரசியல் எதாவது இருக்கா?"

"இல்ல சார். சோப்பு விளம்பரம்."

"சோப்பா?"

"துணி சோப்பு சார்" என்றாள் பார்லரம்மா. "தேய்ச்சாப் போதும், தேய்ச்சாப் போதும்..."

"தேடிப் பாரு, கறையைக் காணோம்" என்று அதிகாரி முடித்துவிட்டு, தான் முடித்ததற்காக முகத்தைச் சரிசெய்துகொண்டார். "இதை எதுக்கும்மா அங்க போய்ப் பாடறீங்க?"

"இதைப் போட்டது இவருதான் சார். இவங்க அக்காவுக்குத் தம்பி போட்ட பாட்டுன்னா உசிரு."

அதிகாரி ஜிங்கிளை ஏற இறங்கப் பார்த்தார். அவருடைய கண்ணில் ஒரு மரியாதை வந்தது. "நீங்களா? எங்க வீட்டுல சின்னது சோறே திங்காது சார், இந்தப் பாட்டு வந்தாத்தான் வாயைத் திறக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பாடுங்க. ஆனா டிவில வர்ற வார்த்தை மட்டும்தான். ஒரு எழுத்து மாறினாலும் நான் பொறுப்பில்லை."

வெளியே வந்ததும் ஜிங்கிளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "வார்த்தையே போச்சே."

"எந்த வார்த்தை போச்சு?" என்றாள் பார்லரம்மா. "குண்டு ஏத்தற கேட்டுக்கு முன்னாடி நின்னு 'கறையைக் காணோம்'னு பாடினா, கேக்கறவனுக்கு ஒண்ணும் புரியாதா? போங்க தம்பி."

நினைவுநாள் காலையில் நல்ல வெயில். கடல் காற்று உப்பாக அடித்தது. கேட் சாத்தியிருந்தது. உள்ளே கிரேன் ஒன்று கையை நீட்டியபடி சும்மா நின்றுகொண்டிருந்தது. பார்லர்க் கோஷ்டி கேட்டுக்கு எதிரே ஒரு வரிசையாக நின்றது. சாலைக்கு அந்தப் பக்கம் கூட்டம் கூடவில்லை, கூடக் கூடாது என்பதால். ஆனால் நூற்றுக்கணக்கானவர்கள் தற்செயலாக அங்கே பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். துறைமுகத் தொழிலாளர்கள், அக்காவின் பள்ளிக்கூடப் பிள்ளைகள், வெள்ளைச் சீருடையில் நர்ஸிங் கல்லூரிப் பெண்கள். அந்தச் சாலையில் பஸ்ஸே கிடையாது.

இன்ஸ்பெக்டர் ஒருத்தர் சோப்புப் பாட்டின் வார்த்தைகளைக் கொட்டை எழுத்தில் தட்டெழுதி எடுத்து வந்திருந்தார். பாடப் பாட விரலை வைத்துச் சரிபார்ப்பதாக ஏற்பாடு.

ஜிங்கிள் கழுத்தில் சின்ன கீபோர்டை மாட்டியிருந்தான். சுருதியை அழுத்த விரலை வைத்தான். ஒத்திகையில் வைக்கிற அதே கட்டை. நிமிர்ந்து பார்த்தபோது, சாலையில் அவர்கள் உட்கார்ந்திருந்த இடம் தெரிந்தது. ஒன்றுமில்லை. புதிதாகத் தார் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். மற்ற இடத்தைவிட அந்த இடம் மட்டும் கறுப்பாக இருந்தது.

விரலை மேலே நகர்த்தி, அக்கா எடுக்கிற அந்த உயரமான சுருதியை அழுத்தினான்.

வரிசையில் எல்லோரும் திடுக்கிட்டு அவனைப் பார்த்தார்கள். "அடப் பாவி" என்றார் அத்தான், சத்தமாகவே. ஆனால் சுருதி விழுந்துவிட்டது. பார்லரம்மா மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"தேய்ச்சாப் போதும், தேய்ச்சாப் போதும்..."

இன்ஸ்பெக்டரின் விரல் முதல் வரியில் ஓடியது. வார்த்தை சரியாகத்தான் இருந்தது. ஆனால் சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதே மெட்டில் வேறு எதுவோ வந்தது. அவர் திரும்பினார். அத்தனை வாயும் மூடியிருந்தது. ஒரு பையன் கொட்டாவி விட்டான். அவர் இந்தப் பக்கம் திரும்பியதும், முதுகுக்குப் பின்னால் 'கறை போகலையே' என்று கேட்டது. மறுபடி திரும்பினார். எல்லோரும் வராத பஸ்ஸை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது அடி வந்தது. இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு விளம்பரத்தில் அடுத்து வருகிற வார்த்தைதான் அனுமதி. ஆனால் எந்த வார்த்தையானாலும் முந்தலாம், அதற்குத் தடை கிடையாது. துறைமுகத் தொழிலாளர்கள் மொத்தப் பேரும் ஒரு தட்டு முன்னாலேயே பாய்ந்தார்கள். அவர்களுக்கு யாரும் ஒத்திகை வைக்கவில்லை. அந்தக் கிரேன் ஆபரேட்டரோடு கப்பல்துறையில் இருபது வருஷம் கூடப் பாடியவர்கள். எந்தப் பாட்டானாலும் அவர் முந்துவார் என்பது அவர்களுக்குத் தெரியும். பார்லரம்மா பாட்டை விட்டுவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அந்த நிறுத்தம். பார்லரில் பழகியபடி எல்லோரும் சும்மா நின்றார்கள்.

நர்ஸிங் பெண்களில் ஒருத்தி சிரித்தாள். கேலியாக இல்லை. உருட்டிவிட்ட மாதிரி, நடுவில் ஒரு விக்கலோடு. அது அவளுடைய சிரிப்பு இல்லை, விடுதி அறையில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவளின் சிரிப்பு. கேட்டுக் கேட்டுப் பழகியதை அப்படியே சிரித்துக் காட்டினாள். பக்கத்தில் நின்ற இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். லிஃப்ட்காரர் மெல்லத் திரும்பினார். அவருடைய முகத்தைப் பார்க்க ஜிங்கிளுக்குத் துணிச்சல் வரவில்லை. கீபோர்டைப் பார்த்துக்கொண்டான்.

அவர் தலையை ஆட்ட வேண்டும், நாலாவது அடி கிளம்ப. ஆட்டவில்லை. சிரிப்பு முழுக்க முடிகிறவரை நின்றார். அதற்கப்புறம் அவரே எடுத்தார், அந்தக் கிணற்றுக் குரலில், அக்காவின் சுருதியில். எட்டுமா? கிழிந்தது. அவருக்குக் கிழிந்ததும் எல்லோருக்கும் கிழிந்தது. அந்தப் பக்கம் நூற்றுக்கணக்கான தொண்டைகள் ஒரே இடத்தில் கீச்சிட்டன. மறுபடி முதலிலிருந்து, மறுபடி அதே உயரத்தில். எத்தனை தடவை சுற்றினார்கள் என்று யாரும் எண்ணவில்லை. நடுவில் எப்போதோ இன்ஸ்பெக்டர் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவருடைய பூட்ஸின் நுனி தாளம் போட்டதாக அத்தான் சத்தியம் செய்வார். பல் டாக்டர், குனிந்து பார்த்துப் பழகியவர், நம்பலாம்.

அதனால் போர் நின்றுவிட்டதா என்றால், இல்லை. கப்பல்கள் கொஞ்ச நாள் வேறு துறைமுகத்துக்குப் போயின, பிறகு இங்கேயே திரும்பிவந்தன. போர் அதன்பாட்டுக்கு இன்னும் பல மாதம் நடந்து, களைத்துப்போய் நின்றது. சுட்டவர்கள் யாரென்று இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் சோப்பு விளம்பரம் நின்றது. டிவியில் அந்த மெட்டு வரும்போதெல்லாம் வீட்டுப் பிள்ளைகள் அக்காவின் வார்த்தைகளைப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். கம்பெனி மேனேஜர் ஜிங்கிளைக் கூப்பிட்டார்.

"என்ன சார் இது? பாட்டு கெட்டுப்போச்சே. யாரும் சோப்பை நினைக்க மாட்டேங்கறாங்க."

"தேய்ச்சுப் பாருங்க சார்" என்றான் ஜிங்கிள்.

அந்தக் கம்பெனி அதற்கப்புறம் அவனைக் கூப்பிடவில்லை. இருமல் மருந்தும் டயரும் கைவிடவில்லை என்பதால் அவன் பிழைப்பு ஓடியது. செவ்வாய்க்கிழமை பார்லர் மட்டும் நிற்கவில்லை. பாட ஒன்றுமில்லாவிட்டாலும் வந்து, கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்து, டீ குடித்துவிட்டுப் போனார்கள். அத்தானுக்குப் பார்லரம்மா இலவசமாக முடி வெட்டிவிட்டாள். பெண்கள் பார்லரில் வெட்டிக்கொண்ட முடி மாதிரியேதான் இருந்தது. அவர் கண்டுகொள்ளவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, விடுமுறை அட்டையைப் பார்த்துவிட்டும் ஒரு பெண் கதவைத் தட்டினாள். வேறு ஊரிலிருந்து வந்தவள். பேக்கரியில் வேலை செய்த அவளுடைய அண்ணன், வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு எதிரான ஊர்வலத்தில் செத்துப்போனவன்.

"இங்க பாட்டுப் போட்டுத் தருவீங்கன்னு சொன்னாங்க" என்றாள்.

"உக்காரும்மா" என்று பார்லரம்மா ஒரு நாற்காலியைத் திருப்பிவிட்டாள். "உங்கண்ணன் எப்படிப் பாடுவாரு?"

"அதுதான் பிரச்சினை. அவன் பாடவே மாட்டான். யாராவது பாட்டு வச்சாலே எழுந்து போய் ரேடியோவை அணைச்சிடுவான்."

எல்லோரும் ஜிங்கிளைப் பார்த்தார்கள்.

"சரி, பாடலை" என்றான் அவன். "சத்தமே போடாத ஆளா?"

அவள் யோசித்தாள். "சாப்பிட உக்காந்தா ஸ்பூனால மேஜையைத் தட்டுவான். தட்டு வர்ற வரைக்கும் தட்டுவான். அம்மா திட்டிட்டே இருப்பாங்க."

"எப்படித் தட்டுவாரு?"

அவள் விரலால் நாற்காலிக் கையில் தட்டிப் பார்த்தாள். நிறுத்தினாள். "இல்ல, இப்படி இல்ல. இது பசி இல்லாதப்போ." மறுபடி தட்டினாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். "மரத்துல தட்டினாத்தான் வரும்."

லிஃப்ட்காரர் எழுந்தார். நகப்பூச்சுப் புட்டிகளும் சீப்புகளும் வைத்திருந்த மர மேஜையைக் காலி செய்து, அவளுக்கு முன்னால் இழுத்துப் போட்டார். அத்தான் டீ டம்ளருக்குள்ளிருந்த ஸ்பூனை எடுத்துச் சட்டையில் துடைத்து நீட்டினார்.

"தட்டும்மா" என்றான் ஜிங்கிள், கீபோர்டை மூடிவைத்துவிட்டு. "நல்லாப் பசிக்கும்போது எப்படித் தட்டுவாரோ, அப்படி."